ரயில் விபத்தை விசாரிக்கும் அதிகாரி ஏன் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்?

ரயிலை ஓட்டுகிறவர்களே தங்கள் விபத்தையும் விசாரிக்கக் கூடாது என்பதுதான் காரணம். விபத்தை விசாரிக்கும் இன்றைய ரயில்வே பாதுகாப்பு ஆணையர்களுக்கு அந்தக் காலத்தில் ரயில்வே ஆய்வாளர்கள் என்று பெயர். ரயில்களை நடத்தும் ரயில்வே வாரியத்துக்கே அவர்கள் கட்டுப்பட்டிருந்தார்கள். 1941-ல் அவர்களைப் பிரித்துத் தபால், விமானத் துறையிடம் ஒப்படைத்தார்கள். விமானத்துக்குத் தனி அமைச்சகம் வந்தபோது அதனோடு போய்விட்டார்கள்.

விபத்துக்குப் பிறகு மட்டும் வருகிறவர் அல்ல இவர். புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓட இவர் அனுமதி வேண்டும். 2024 நவம்பரில் புதிய பாம்பன் பாலத்தை ஆய்வு செய்த ஆணையர், குறைகளை எழுத்தில் அடுக்கியதோடு, தூக்குப் பாலத்தின் மேல் 50 கிலோமீட்டர் வேகம்தான் என்றும் கட்டுப்படுத்தினார். வெளியாள் இருப்பதன் பயன் இதுதான்.

ஆனால் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒடிசாவின் பாலசோர் விபத்து. 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை சிக்னல். ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயின்டோ, ரயில்களை ஒதுக்கி நிறுத்தும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னலும் பாயின்டும் முரண்படவே முடியாதபடி தடுப்பதுதான் இன்டர்லாக்கிங். அதையே ஏமாற்றும்படி ஒயர்கள் மாறியிருந்தன. லெவல் கிராசிங் அருகே இருந்த சிக்னல் ஒயர் பெட்டிக்குள் ஒயர்களின் பெயர்ச்சீட்டுகள் பல வருடங்களாகவே தப்பாக இருந்ததை ஆணையரின் விசாரணை கண்டுபிடித்தது. அதைவிடக் கொடுமை, பாலசோர் இருக்கும் அதே கரக்பூர் ரயில்வே கோட்டத்தில் 2022 மே 16-லேயே தவறான ஒயரிங்கால் ஒரு ரயில் வேறு பாதையில் போயிருக்கிறது. அப்போதே சரிசெய்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்று அறிக்கையே சொல்கிறது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் சித்தப்பா ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஒயரைத் தொட்டா, பாயின்டை நேர்ல போய்ப் பார்க்காம கையெழுத்துப் போடக் கூடாதுடா" என்பார். விதியும் அதைத்தான் சொல்கிறது. நள்ளிரவு வேலையில், ரயில்களை நிறுத்தி வைத்திருக்கும் நெருக்கடியில், அதை யார் உறுதி செய்வது?

சரி, விமானத் துறை எப்படி? அங்கும் 2012-ல்தான் தனி விசாரணைப் பிரிவு வந்தது. பழியைச் சுமத்துவது விசாரணையின் நோக்கமல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பதே நோக்கம் என்பது சர்வதேச விதி. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கை ஒரே மாதத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியானது.

ரயிலில் அந்த வழக்கம் இல்லை. பாலசோர் அறிக்கையே பத்திரிகைச் செய்திகள் வழியாகத்தான் நமக்குத் தெரிந்தது. ஆணையர்களும் ரயில்வேயிலிருந்தே வருகிறவர்கள். அவர்கள் பரிந்துரைக்கலாம், ஏற்பதா என்பது வாரியத்தின் முடிவு. அதனால் அமைச்சகம் எது என்பதைவிட அறிக்கை வெளியே வருகிறதா என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆள் சாகாத சம்பவங்களின் அறிக்கையும் வர வேண்டும். ஒரு கோட்டத்தில் ஒயர் மாறியது மற்ற கோட்டங்களின் சிக்னல் ஊழியர்களுக்கும் அந்த வாரமே தெரிய வேண்டும்.