அமெரிக்கத் தென்மாநிலங்களில் மக்காச்சோள ரொட்டியை (கார்ன்பிரெட்) ஏன் இரும்புச் சட்டியில் சுடுகிறார்கள்?

அந்த மொறுமொறுப்பான அடிப்பாகத்துக்காகத்தான். வெறும் சட்டியில் பன்றிக் கொழுப்பைப் போட்டு, முதலில் ஓவன் அடுப்புக்குள் நன்றாகக் காயவிடுவார்கள். மக்காச்சோள மாவு, கெட்டி மோர், முட்டை, உப்பு, சமையல் சோடா சேர்ந்த கலவையை ஊற்றும்போது 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும். கனமான இரும்பு சூட்டை விடாமல் பிடித்து வைத்திருப்பதால் அடிப்பக்கம் உடனே பொரிந்துவிடும். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து ரொட்டியை உப்ப வைக்கும். சுமார் 220 டிகிரி செல்சியஸில் 20–25 நிமிடம் போதும்.

சர்க்கரை? பழைய வீட்டுப் பக்குவத்தில் பலர் சேர்ப்பதில்லை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அப்புறம், காலர்ட் கீரை (முட்டைக்கோஸ் இனத்துக் கீரை) வெந்த சாற்றில் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், அவ்வளவு ருசி! மீந்த ரொட்டியை ராத்திரிக்குக் குளிர்ந்த மோரில் உதிர்த்துப் போட்டு, கரண்டியால் சாப்பிடுவதும் அங்கே வழக்கம்.