கேள்வி-பதில்: மண்ணில் புரதமா?

கேள்வி: 60 சென்ட் செம்மண் விளையில் (தோட்டத்தில்) நேந்திரன் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) மாற்றி மாற்றிப் போடுகிறோம். மண்வள அட்டையில் எப்போதும் தழைச்சத்து (நைட்ரஜன்) 'குறைவு'. யூரியா போட்டால் இலை பச்சை பிடிக்கிறது, இரண்டு மழையில் மறுபடி வெளுக்கிறது. மண்ணின் புரதத்தை அளக்கச் சொல்கிறார்களே, அது எதற்கு?
- வாசகர், திருவட்டாறு

பதில்: அட்டையில் வருவது பயிருக்குக் கிடைக்கக்கூடிய தழைச்சத்து, மொத்த இருப்பு அதில் தெரியாது. இருப்பின் பெரும்பகுதி புரதமாக, மண்துகளோடு ஒட்டிக் கிடக்கிறது. செத்த வேர், சருகு, பூஞ்சை இழை, நுண்ணுயிர் இவற்றிலிருந்து சேர்வது அது. நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றினால்தான் வேருக்குக் கிடைக்கும். யூரியாவும் கடைசியில் நைட்ரேட்தான் ஆகிறது. அது மண்ணில் ஒட்டாது. நம் குமரி மாவட்டத்திலோ பருவமழை இரண்டு. வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும்.

ஆய்வகத்தில் 3 கிராம் மண்ணை 24 மி.லி. சோடியம் சிட்ரேட் கரைசலில் குலுக்கி, ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, வடியும் புரதத்தை நிறமேற்றி அளப்பார்கள். ஒரு கிராம் மண்ணில் 5 மில்லிகிராம் என்று வந்தால், ஏக்கருக்கு மேல் 15 செ.மீ. மண் சுமார் 800 டன் என்ற கணக்கில், புரதம் 4,000 கிலோ. அதில் 16 சதவீதம், அதாவது 640 கிலோ தழைச்சத்து. ஆண்டுதோறும் வெளிவருவது இதில் சிறு பங்குதான். களிமண்ணையும் மணலையும் இந்த எண்ணால் ஒப்பிடக் கூடாது. உங்கள் விளையையே, ஆண்டுதோறும் அதே மாதத்தில் அளந்து பாருங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலருக்கும் தவறுகிறது. வாழை மூட்டிலும் சாணம் கொட்டிய இடத்திலும் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். 10, 15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, கலந்து, அரை கிலோ எடுத்து நிழலில் உலர்த்துங்கள். பழைய உரச்சாக்கில் போடாதீர்கள்.

உங்கள் விளையில் புரதம் கரைய முக்கியக் காரணம் மரச்சீனிதான் என்பேன். கிழங்கு பிடுங்கும்போது மண்கட்டி உடைகிறது; உள்ளே பத்திரமாக இருந்த புரதம் வேகமாகச் சிதைந்து, வெறும் மண்ணில் மழையோடு போகிறது. பிடுங்கியதும் பசுந்தாள் உரப்பயிரான சணப்பை 7, 8 கிலோ விதையுங்கள். 45 நாளில், பூக்கும் தருணத்தில் அறுத்து மேலேயே பரப்புங்கள். அதற்கு மேல் விட்டால் தண்டு நாராகி மட்கத் தாமதமாகும். மரச்சீனி இலையை எரிக்காதீர்கள். மண்ணின் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் சணப்பையின் வேர்முடிச்சு சரியாக வராது. விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே சுண்ணாம்பு இடுங்கள். சுண்ணாம்போடு யூரியாவைச் சேர்த்துப் போட்டால் அம்மோனியா ஆவியாகிவிடும்.

கேள்வி: புரதம் கூடுதல் என்றால் உரம் வேண்டாமா?
- வாசகர், தோவாளை

பதில்: அப்படி இல்லை. தண்ணீர் வடியாத வயலில் மட்கல் மந்தமாக நடப்பதால் புரதம் தேங்கி நிற்கும், பயிருக்கு உதவாது. எண் கூடுதலாக இருந்தும் நெல் வெளுத்தால் முதலில் வடிகாலைப் பாருங்கள். உர அளவை மண் அட்டைப்படியே வையுங்கள்.