பாக்கெட் வராத காலத்து ஜெல்லி

கேள்வி: பெக்டின் தூள் சேர்க்காவிட்டால் என் ஜெல்லி உறைவதே இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் எதைப் போட்டு உறைய வைத்தார்கள்?

பதில்: நீங்கள் குப்பையில் கொட்டுகிறீர்களே, அதைப் போட்டுத்தான். தோல், விதை, விதையைச் சுற்றியுள்ள கட்டிப் பகுதி. சாற்றை உறைய வைக்கிற பெக்டின் அதிகம் இருப்பது அங்கேதான். அவர்கள் ஆப்பிளையும், ஆப்பிள் மாதிரியே ஆனால் கெட்டியாகவும் புளிப்பாகவும் இருக்கும் குவின்ஸ் பழத்தையும் தோலோடு நறுக்கி வேகவைத்தார்கள். சதையை மட்டும் எடுத்தால் விதைகளைத் துணியில் முடிந்து கொதிக்கும் பாத்திரத்தில் தொங்கவிட்டார்கள். ஏன் என்று கேட்டிருந்தால் அவர்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பெக்டின் என்று பெயர் வைத்ததே 1825இல்தான், ஆன்ரி பிராகொன்னோ என்ற பிரெஞ்சு வேதியியலர். அதற்கு 270 வருஷம் முன்பே, 1555இல், குவின்ஸ் ஜெல்லிக்கு ஒருவர் செய்முறை எழுதி அச்சிட்டுவிட்டார். யார் தெரியுமா? நோஸ்ட்ராடாமஸ். ஆமாம், வருங்காலம் சொன்ன அதே ஆள்தான். அவருடைய ஆரூடத்தை நான் நம்புவதில்லை. ஜெல்லி விஷயத்தில் நம்பலாம்.

பெக்டின் மட்டும் இருந்தாலும் போதாது. புளிப்பும் வேண்டும், சர்க்கரையும் வேண்டும். மொத்த எடையில் 60 முதல் 65 சதவீதம் சர்க்கரையாக இருந்தால் நன்றாக உறையும். ஒரு ராத்தல் பழத்துக்கு ஒரு ராத்தல் சர்க்கரை என்ற பழைய கணக்கு, தண்ணீர் வற்றியதும் ஏறக்குறைய அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. இன்னொன்று, முழுக்கக் கனிந்த பழமாகப் பார்த்து வாங்குகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். கனியக் கனிய பெக்டின் சிதைந்துவிடும். காயும் பழமுமாக இருப்பதில் கால் பங்காவது சேர்த்துப் பாருங்கள்.

பதம் பார்க்க அவர்களிடம் வெப்பமானி கிடையாது. கரண்டியை முக்கிச் சாய்த்துப் பிடிப்பார்கள். முதலில் சொட்டுச் சொட்டாக விழும். பதம் நெருங்கியதும் இரண்டு சொட்டுகள் கரண்டி ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விழ மனமில்லாமல் துணி மாதிரி தொங்கும். அந்த நொடியில் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். வெப்பமானி வைத்துப் பார்த்தால் 104, 105 டிகிரி செல்சியஸ் காட்டும். நான் இப்போதும் கரண்டியைத்தான் நம்புகிறேன்.

கேள்வி: ஜெல்லி கண்ணாடி மாதிரி தெளிவாக வர என்ன செய்தார்கள்?

பதில்: ஸ்டூலைக் கவிழ்த்து வைத்து, நான்கு கால்களிலும் ஃபிளானல் துணிப் பையைக் கட்டி, வெந்த பழத்தை ஊற்றிவிட்டுத் தூங்கப் போனார்கள். விடியும்வரை சாறு தானாகச் சொட்டும். எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. முதல் முறை செய்தபோது ராத்திரி பதினோரு மணிக்குப் பையைப் பிழிந்துவிட்டேன். உறைந்தது, ஆனால் கழுநீர் மாதிரி கலங்கலாக.

சர்க்கரையும் அப்போது சுத்தமாக வராது. கூம்பு வடிவக் கட்டியாக வாங்கி, இடுக்கியால் வெட்டி, தண்ணீரில் கரைத்து, அடித்த முட்டை வெள்ளைக் கருவைக் கலந்து சூடாக்குவார்கள். வெள்ளைக் கரு திரண்டு அழுக்கையெல்லாம் சேர்த்துக்கொண்டு மேலே நுரையாக வரும். வழித்தெடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: மார்மலேட் என்றால் ஆரஞ்சு ஜாம்தானே?

பதில்: இப்போது அப்படித்தான். ஆனால் போர்த்துகீசிய மொழியில் மர்மேலோ என்றால் குவின்ஸ் பழம். முதலில் மார்மலேட் என்றாலே குவின்ஸ் விழுதைக் காய்ச்சி, மரப்பெட்டியில் ஊற்றி, கத்தியால் துண்டு போட்டுச் சாப்பிடுகிற கட்டிதான். இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு மார்மலேட் வரும். இரண்டும் ஒரே பழம். திறந்து வைத்து வேகமாகக் காய்ச்சினால் வெளுப்பாக நிற்கும்; மூடி போட்டு மெல்லிய தீயில் நெடுநேரம் விட்டால் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். சாயம் எதுவும் வேண்டாம்.

கேள்வி: செம்புப் பாத்திரத்தில் புளிப்புப் பழம் காய்ச்சினால் விஷம் இல்லையா?

பதில்: அதிலேயே ஆறவிட்டால் ஆபத்துதான், களிம்பு ஏறும். காய்ச்சி உடனே மாற்றிவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து எச்சரிக்கை. அகலமான செம்பில் சூடு சீராகப் பரவி, சாறு சீக்கிரம் வற்றும், அதற்காகத்தான் செம்பு. ஊறுகாய் பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செம்பை இறங்கவிட்டவர்களும் இருந்தார்கள். 1820இல் லண்டனில் ஃபிரெட்ரிக் ஆக்கம் என்ற வேதியியலர் அதைப் புத்தகம் போட்டு அம்பலப்படுத்தினார்.

கேள்வி: சாதாரண வீடுகளிலும் செய்தார்களா?

பதில்: வெகுகாலம் இல்லை. சர்க்கரை பணக்காரர் வீட்டில் பூட்டி வைக்கிற பொருளாக இருந்தது. அது மலிவாகத் தொடங்கியது கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால். அதைக் கண்டித்து 1791இல் பிரிட்டனில் பல குடும்பங்கள் சர்க்கரையையே ஒதுக்கின. பிரிட்டன் சர்க்கரை வரியை முழுதாக நீக்கியது 1874இல். ஜாம் ஏழைகளின் ரொட்டிக்கும் வந்தது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: இறுக்கமான மூடி இல்லாமல் ஜாடியில் எப்படிக் கெடாமல் வைத்தார்கள்?

பதில்: வட்டமாக வெட்டிய காகிதத்தை பிராந்தியில் நனைத்து ஜெல்லி மேலேயே படிய வைப்பார்கள். ஜாடி வாய்க்கு மெல்லிய காகிதத்தை இருபுறமும் வெள்ளைக் கரு தடவி இழுத்து ஒட்டுவார்கள். காய்ந்ததும் விறைப்பாகிவிடும், விரலால் சுண்டினால் மேளம் மாதிரி சத்தம் வரும். அப்படியும் பூஞ்சை வந்தால் மேலாக வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை மறுபடி காய்ச்சினார்கள். நீங்கள் அதை மட்டும் பின்பற்ற வேண்டாம், ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.