வீட்டுத் தோட்டத்தில் வெட்டுக்கிளி பெருகினால் பூச்சிமருந்து இல்லாமல் கட்டுப்படுத்த முடியுமா?

முடியும். மருந்துக் கடைக்குப் போகிற அவசரத்தில்தான் கேட்டிருப்பீர்கள். ஒரு விடியற்காலை மட்டும் பொறுங்கள்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது குருநாகல் மாவத்தகமையில் மாமா வீட்டில் மாட்டிக்கொண்டேன். மே மாதம் அங்கே வெட்டுக்கிளி கிளம்பியது. இந்தியா, பாகிஸ்தான் பயிர்களைத் தின்ற பாலைவன வெட்டுக்கிளி இங்கேயும் வந்துவிட்டது என்று ஊரே பயந்தது. உண்மையில் அது நம் நாட்டிலேயே இருக்கிற மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளி. அதிக தூரம் பறக்காது.

மாமா மருந்து டாங்கியை முதுகில் மாட்டிவிட்டார். "கிணறு பக்கத்தில இருக்கு, பிள்ளைகள் குடிக்கிற தண்ணி" என்று மாமிதான் மறித்தார்.

மறுநாள் விடிய ஐந்தரைக்கு வாழைத் தோட்டத்துக்குள் இறங்கினோம். இலைக்கு அடியில் விறைத்துப்போய் அப்பிக்கொண்டு இருந்தன. சவர்க்காரத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்து இலையைத் தட்டினால் பொலபொலவென்று விழுந்தன. கையில் பிடித்தால் நுரை தள்ளும். அந்த நாற்றத்துக்குக் கோழிகூடக் கொத்தவில்லை. வெயில் ஏறிவிட்டால் பிடிப்பது கஷ்டம். ஒன்பது நாள் விடாமல் செய்தோம். அப்புறம் மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டினோம். மண்ணுக்குள்தான் முட்டையிடும், வெளியே வந்தால் காய்ந்துவிடும்.

வேப்பங்கொட்டைச் சாறும் அடித்தோம். லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு, இடித்து இரவு ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் சேர்த்து, பின்னேரத்தில். உடனே சாகாது. தின்பதை நிறுத்தும், குஞ்சுகள் சரியாகத் தோல் உரிக்காது. மழை பெய்தால் திரும்ப அடிக்க வேண்டும்.

பாலைவனக் கூட்டத்துக்கு வாளி போதுமா என்று யாராவது கேட்பீர்கள். போதாது. ஒரு சதுர கிலோமீற்றரில் 4 கோடிக்கு மேல் இருக்கும். ஆனால் அதற்கும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சை இருக்கிறது. 2020-இல் சோமாலியாவில் அடித்தார்கள். கொல்ல ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும், அதனால் சிறகு முளைக்கும் முன்பே அடிக்க வேண்டும். 2021-இல் இலங்கை அரசு இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரேயடியாகத் தடைசெய்து விவசாயியை நடுத்தெருவில் விட்டதை நான் ஆதரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மனவருத்தம். போன மாதம் எங்கள் மாடிக் குடியிருப்பு வாசலில் நின்ற வேப்ப மரத்தைத் தறித்துவிட்டார்கள். கார்களில் இலை விழுகிறது என்று காரணம் சொன்னார்கள். எத்தனை வருஷம் அதன் கீழே கொட்டை பொறுக்கினேன். இனி யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில்தான் எடுப்பிக்க வேண்டும்.