அகுஸ்தினாரின் வாழ்வில் இருந்த பெண்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எங்கள் பங்கில் ஆகஸ்ட் 27 மோனிக்கா திருநாள், மறுநாள் அவர் மகன் புனித அகுஸ்தினாரின் திருநாள். ஒவ்வொரு வருஷமும் பிரசங்கத்தில் அதே கதைதான். மகன் கெட்டுப்போனான், அம்மா அழுதாள், மகன் திருந்தினான். ‘ஒரு பெண்ணோடு தகாத வாழ்க்கை வாழ்ந்தார்’ என்று ஒரே வரியில் இன்னொருத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த முறை நானே, அகுஸ்தினார் தன் வாழ்க்கையைச் சொல்லும் ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலை எடுத்துப் படித்தேன். அத்தனை வருஷம் கூட வாழ்ந்து பிள்ளையும் பெற்றவளின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. இப்படிப்பட்டவர் அன்பைப் பற்றி எழுதியதை எப்படி மனமொப்பிப் படிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கோபம் நியாயமானது. அதைத் தணிப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் கோபத்தில் புத்தகத்தை மூடிவிட்டால் அந்தப் பெண்ணையும் சேர்த்து இழந்துவிடுவோம். அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவர் எழுதி வைத்தது மட்டும்தான்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகருக்குப் படிக்கப் போன இளைஞன் அவளோடு சேர்ந்து வாழ ஆரம்பிக்கிறான். 372 வாக்கில் மகன் அதெயோதாத்துஸ் பிறக்கிறான். அன்றைய ரோமானிய சமூகத்தில் இது ஊருக்குத் தெரியாத கள்ள உறவு அல்ல. அந்தஸ்தில் குறைந்தவளை மனைவியாக்காமல் கூடவே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்தக் காலம் முழுக்க அவள் ஒருத்திக்கே உண்மையாக இருந்ததாக அவர் சொல்கிறார். அப்புறம் மிலானில் பேராசிரியர் பதவி. 385இல் வசதியான இடத்தில் பெண் பார்க்கிறார்கள். அதில் அதிகம் முனைந்தவர் அம்மா மோனிக்கா. பெண்ணுக்குச் சட்டப்படி மணவயதான 12 ஆக இன்னும் இரண்டு வருஷம் போகவேண்டும். அந்தச் சிறுமியின் பெயரும் நமக்குக் கிடையாது. கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று அதெயோதாத்துஸின் தாய் அனுப்பப்படுகிறாள்.

ஆறாம் புத்தகத்தில் இதைச் சொல்லும்போது, அவள் என் பக்கத்திலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டாள், என் நெஞ்சு கிழிந்து ரத்தம் கசிந்தது என்கிறார். பிய்த்தெடுத்தது யார்? அதை அவர் சொல்லவில்லை. தன் வாழ்க்கையின் சின்னத் திருட்டைக்கூடப் பக்கம் பக்கமாக விசாரித்த மனிதர், இங்கே செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்கிறார். எனக்கும் அங்கே கோபம் வரும்.

ஆனால் அடுத்த வரிகளையும் படியுங்கள். இனி வேறு ஆணை அறியமாட்டேன் என்று கடவுளிடம் நேர்ந்துகொண்டு, பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு, அவள் ஆப்பிரிக்கா திரும்புகிறாள். அவரோ இரண்டு வருஷம் பொறுக்கமுடியாமல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்கிறார். ஒரு பெண் செய்ததைத் தன்னால் செய்ய முடியவில்லை என்று அவரே எழுதுகிறார். 386இல் மனம் திரும்பியபோது மிலான் தோட்டத்தில் அழுது புரண்டு அவர் எடுத்த அதே துறவு முடிவை, ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாலேயே அவள் எடுத்துவிட்டாள். தோட்டத்துக் காட்சியை உலகமே ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறது. அவள் கப்பல் ஏறிய நாளை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு இடமும் இருக்கிறது. சுமார் 401இல், ஆயரான பிறகு, திருமணத்தின் நன்மை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தன் பதவிக்கும் வசதிக்கும் ஏற்ற பெண் கிடைக்கும்வரை மட்டும் ஒருத்தியோடு வாழ்பவன் மனதளவில் விபசாரக்காரன் என்கிறார் அதில். அப்புறம் அந்தப் பெண்ணிடம் வருகிறார். அவள் அவனுக்கு உண்மையாக இருந்து, அவன் வேறு ஒருத்தியை மணந்த பிறகும் தான் மணம் செய்யாமல் அடக்கத்தோடு வாழ்ந்தால், அவளை விபசாரி என்று சொல்ல எனக்கு எளிதில் துணிவு வராது என்கிறார். அவள் செய்ததில் பாவமே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்காக மட்டுமே அவனோடு சேர்ந்தவள் என்றால், முறைப்படி மணமான பல பெண்களைவிட அவள் மேல் என்கிறார். பொதுவாக ‘ஒருவன்’, ‘ஒருத்தி’ என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அது யாருடைய கதை என்று நமக்குத் தெரியும். பதினைந்து வருஷம் கழித்து, தனக்கு எதிராக அவரே எழுதிய தீர்ப்பாகத்தான் நான் அதை வாசிக்கிறேன்.

பெயர் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். மோனிக்காவின் பெயரே ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலில் ஒரே ஒரு முறைதான், ஒன்பதாம் புத்தகத்தின் கடைசியில் வருகிறது. சொந்த ஊரான தகாஸ்தேயில் இறந்துபோன உயிர் நண்பனுக்காக உருகி உருகி எழுதுகிறார், அவனுக்கும் பெயர் இல்லை. தான் ஆயராக இருந்த ஹிப்போவில் பெண்கள் மடத்தை நடத்திய சொந்தச் சகோதரியின் பெயரையும் அவர் எழுதவில்லை. ஆகவே பெயரை விட்டதை வெறும் அலட்சியம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதற்காக நஷ்டம் குறைந்துவிடாது.

மோனிக்காவை வெறும் கண்ணீராக்கியதற்கு அகுஸ்தினார் பொறுப்பல்ல, நம் பிரசங்கங்கள்தான் பொறுப்பு. 386 நவம்பரில், கசிசியாக்கும் என்ற இடத்தில், தன் பிறந்தநாளை ஒட்டி ஒரு விவாதம் நடத்துகிறார். விரும்பியது கிடைத்தவன் எல்லாம் மகிழ்ச்சியானவனா என்பது கேள்வி. நல்லதை விரும்பி அது கிடைத்தால் மகிழ்ச்சியானவன், கெட்டதை விரும்பினால் கிடைத்தாலும் பரிதாபத்துக்குரியவன்தான் என்று உடனே சொல்கிறார் மோனிக்கா. தத்துவத்தின் கோட்டையையே பிடித்துவிட்டீர்கள் அம்மா என்கிறார் மகன். ஏனென்றால் 19 வயதில் அவரைத் தத்துவத்தின் பக்கம் திருப்பிய ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் ‘ஹொர்தென்சியுஸ்’ நூலிலும் அதே கருத்துதான் இருக்கிறது. அம்மாவோ தத்துவம் படித்தவர் அல்ல.

இன்னொரு நாள் மோனிக்கா உள்ளே வந்து, விவாதம் எதுவரை போயிருக்கிறது என்று கேட்கிறார். அந்தக் கேள்வியையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறார் மகன். என்ன செய்கிறீர்கள், நீங்கள் படிக்கும் புத்தகங்களில் பெண்கள் இப்படி விவாதத்தில் வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லையே என்கிறார் அவர். முற்காலத்தில் பெண்களும் தத்துவம் பேசியிருக்கிறார்கள், உங்கள் தத்துவம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்பது மகனின் பதில். இந்தப் பக்கத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

சரி, மனமொப்பிப் படிப்பது எப்படி என்று கேட்டீர்கள். முழுக்க மனமொப்பி நானும் படிப்பதில்லை. இவ்வளவு தெளிவாக யோசித்த அதே மோனிக்காதான், பேரனின் தாயை வெளியே அனுப்பிய ஏற்பாட்டிலும் முன்னால் நின்றார். அந்த இரண்டு பெண்களும் மிலானில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அகுஸ்தினார் எழுதவில்லை. அவரிடம் எனக்குத் தீராத வருத்தம் இருப்பது, பெயரை விட்டதைவிட இதற்குத்தான்.

அன்புடன்,
அக்கா