ஒரு ஏக்கர் விவசாயியால் பல்லுயிர்களுக்கு என்ன பயன்?

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவரால் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே முடியும். சென்னையிலிருந்து வேடந்தாங்கல் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம்.

அங்கே ஏரியில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை இரை தேடுவது சுற்றியுள்ள நெல்வயல்களில். மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அதன் அலகு, நத்தையை ஓட்டிலிருந்து உருவி எடுக்கத் தோதானது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் திரும்ப வயலுக்கே உரமாகப் பாய்கிறது. சும்மாவா, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைக் காக்கச் சொல்லி கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள் அந்த ஊர்க்காரர்கள்!

அப்புறம் வரப்பு. வயல் சின்னதாக இருந்தால் வரப்பு அதிகம். அதில் உளுந்தோ தட்டைப்பயறோ போட்டால் சிலந்தி, பொறிவண்டு, குளவி எல்லாம் வந்து தங்கும். பயிரைக் கெடுக்கும் பூச்சியைப் பிடித்துத் தின்னும்.

ஆனால் நிலம் சிறியது என்பதாலேயே நல்லது நடந்துவிடாது. ஒரே ரக நெல், ஓயாமல் மருந்து என்றால் ஒரு ஏக்கரும் நூறு ஏக்கரும் ஒன்றுதான். முதலில் பூச்சிமருந்தைக் குறைக்கச் சொல்வேன். வேலியோர மரங்களை வெட்டாமல் விடுவது அடுத்தது, அதற்குக் காசும் செலவில்லை.