பத்தரை மணிக்கு இரண்டு பேர்

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக ஃபிரன்ட் எண்ட் டெவலப்பராக, அதாவது திரையில் தெரியும் பகுதியை எழுதுபவளாக, இருக்கிறேன். கடைகளுக்கு ஆர்டர் பக்கம், கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் பக்கம், இவைதான் என் வேலை. சென்ற மாதம் ஒரு கிளினிக்கில் இரண்டு நோயாளிகளுக்கு ஒரே டாக்டரிடம் ஒரே நாளில் 10:30 மணி பதிவாகிவிட்டது. அடுத்த வாரமே, 14ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு 13 என்று பதிவானது. இரண்டு பழியும் என் தலையில் விழுந்தன. "பெயின்ட் அடிக்கிற வேலையைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியாதா?" என்று மீட்டிங்கில் கேட்டார்கள். பேசாமல் பேக் எண்டுக்கு, அதாவது திரைக்குப் பின்னால் சர்வரில் நடப்பதை எழுதும் வேலைக்கு, மாறிவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பழியைப் பங்கு பிரித்துக்கொள்வோம். 10:30 உங்கள் தவறு அல்ல. 13ஆம் தேதி, அநேகமாக முழுக்க உங்கள் தவறு.

திரையில் 10:30 பச்சையாகத் தெரிகிறது என்றால், பக்கத்தைத் திறந்த நொடியில் அது காலியாக இருந்தது என்று மட்டுமே பொருள். தட்கல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலை 10 மணிக்கு ஏசி வகுப்பு, 11 மணிக்கு மற்றவை. இடம் இருப்பதாகக் காட்டும். பெயர், வயது எல்லாம் நிரப்பிப் பணம் கட்டி முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடும். உங்கள் கிளினிக்கிலும் இரண்டு பேர் இரண்டு ஃபோன்களில் ஒரே பச்சையைப் பார்த்திருக்கிறார்கள், இருவரும் தட்டியிருக்கிறார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் திரையை எழுதினாலும் இதைத் தடுக்க முடியாது. ஒரு டாக்டர், ஒரு தேதி, ஒரு நேரம், இவை மூன்றும் சேர்ந்து ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்ற விதி டேட்டாபேஸில் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் இரண்டாவது ஆளை சர்வரே திருப்பி அனுப்பியிருக்கும். அடுத்த மீட்டிங்கில் குரலை உயர்த்தாமல் இதை மட்டும் கேளுங்கள்: "அந்த விதி இருக்கிறதா?"

ஆனால் அவர்கள் அந்த விதியைப் போட்ட மறுநாளே உங்கள் வேலை தொடங்கிவிடும். திருப்பி அனுப்பப்பட்ட ஆள் எதைப் பார்க்கப்போகிறார்? பெரும்பாலான பக்கங்களில் சிவப்பு எழுத்தில் "பிழை ஏற்பட்டது, மீண்டும் முயலவும்" என்று வரும். நிரப்பிய பெயரும் ஃபோன் எண்ணும் அழிந்துபோயிருக்கும். "10:30ஐ இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார். 10:45, 11:15 காலியாக உள்ளன" என்று சொல்லி, நிரப்பியதை அப்படியே வைத்திருக்கும் பக்கத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இதைப் பெயின்ட் என்று சொல்பவர் காய்ச்சலோடு ஒரு முறை டோக்கன் போட்டுப் பார்க்கட்டும்.

இப்போது 13ஆம் தேதி. நீங்கள் குறியீட்டை அனுப்பவில்லை. ஆனாலும் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையே எழுதியிருக்கிறேன். நோயாளி காலண்டரில் 14ஐத் தட்டுகிறார். பிரவுசரில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதை 14ஆம் தேதி நள்ளிரவு 12 மணி, இந்திய நேரம் என்று வைத்துக்கொள்கிறது. நீங்கள் அதை சர்வருக்கு அனுப்ப ஐஎஸ்ஓ வடிவ எழுத்தாக (முதலில் ஆண்டு-மாதம்-நாள், பிறகு நேரம்) மாற்றுகிறீர்கள். அந்த மாற்றம் உலகப் பொது நேரத்தில் நடக்கும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அது 13ஆம் தேதி மாலை 18:30 ஆகிவிடும். அதிலிருந்து முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுத்தால் கையில் இருப்பது 13.

இதில் இன்னொரு கோணலும் உண்டு. தேதியை மட்டும் எழுத்தாகக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பொது நேர நள்ளிரவு என்று படிக்கும். நம் ஊரில் அது அதே நாள் காலை 5:30 என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவுக்காகப் பதிவு செய்து, பிறகு திறந்து பார்க்கும்போதுதான் அவர் திரையில் முந்தின நாள் வரும். தேதியைக் கையாளும் இந்தப் பகுதி 1995இல் அவசரமாகச் செய்யப்பட்ட ஜாவாஸ்கிரிப்டுக்குள் ஜாவா என்ற வேறொரு மொழியிலிருந்து அப்படியே வந்தது. மாதங்களை 0இலிருந்து எண்ணும், மார்ச் என்றால் 2. முப்பது ஆண்டுகளாக எல்லோரும் திட்டிக்கொண்டே பயன்படுத்துகிறோம்.

தப்பிக்கும் வழி சுலபம். அப்பாயின்ட்மென்ட் என்பது கிளினிக் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்துக்குச் சொந்தம். நோயாளியின் ஃபோனுக்கு அதில் வேலையே இல்லை. ஆகவே தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று வெறும் எழுத்தாகவே எடுத்து, எழுத்தாகவே அனுப்பி, எழுத்தாகவே காட்டுங்கள். நேரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டிய இடத்தில் மட்டும் இந்திய நேரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

பட்டனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "உறுதி செய்க" என்பதைத் தட்டியதும் அது சுழல ஆரம்பித்தால் நம் மக்கள் இரண்டாவது முறை தட்டுவார்கள். பட்டனை முடக்குவது நல்லது, ஆனால் போதாது. பக்கத்தைப் புதுப்பித்துவிட்டுத் திரும்பத் தட்டுபவர்களும் உண்டு. ஒவ்வொரு ஆர்டருக்கும் பிரவுசரிலேயே ஓர் எண்ணை உருவாக்கிக் கூடவே அனுப்புங்கள். அதே எண் மறுபடி வந்தால் புதிய ஆர்டர் போடாமல் பழைய பதிலையே சர்வர் திருப்பித் தரட்டும். யுபிஐ பணம் என்றால் இது இன்னும் முக்கியம். வாடிக்கையாளர் பணம் செலுத்த வேறு செயலிக்குப் போவார், நினைவகம் குறைந்த ஃபோன் அதற்குள் உங்கள் பக்கத்தை மூடியிருக்கும். அவர் திரும்பி வரும்போது வெற்றி, தோல்வி என்ற இரண்டே நிலைகள் வைத்திருந்தால் அதில் ஒன்று பொய்யாகிவிடும். "பணம் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், மறுபடி செலுத்த வேண்டாம்" என்ற மூன்றாவது நிலை கட்டாயம் வேண்டும்.

என் சொந்தக் கதை ஒன்று. ஓர் இனிப்புக் கடைக்குத் தீபாவளி ஆர்டர் பக்கம் செய்தோம். "இன்று", "நாளை" என்று அழகாக இரண்டு பட்டன்கள் வைத்தேன். ஓர் அம்மா இரவு 11:50க்குப் பக்கத்தைத் திறந்து, எத்தனை கிலோ என்று வீட்டில் பேசி முடித்து, 12:10க்கு "நாளை" என்று தட்டியிருக்கிறார். அவருக்கு அது விடிந்தால் வரும் நாள். சர்வருக்கோ அதற்கும் அடுத்த நாள். காலையில் பையோடு கடையில் நின்றவரிடம் கடைக்காரர் என்ன பதில் சொல்வார்? அன்று முதல் "நாளை, அக்டோபர் 18, சனி" என்று முழுதாக எழுதித்தான் பட்டனில் போடுகிறேன், அனுப்புவதும் தேதியைத்தான். 12 மணி என்றால் பகலா நள்ளிரவா என்றும் எழுதிவிடுவேன்.

இதையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து கற்க முடியாது. அரை நாள் விடுப்பு போட்டாவது அந்தக் கிளினிக்கின் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். புது வண்டி டெலிவரிக்கு நேரம் பதிவு செய்யும் பக்கம் ஒன்றைச் செய்தபோது, வெள்ளிக்கிழமைகளில் 10:30 முதல் 12 வரை ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை. இரண்டு நாள் குறியீட்டில் பிழை தேடினோம். கடைசியில் ஷோரூமில் கேட்டால், அங்கிருந்த பெண் சிரித்துவிட்டார். ராகு காலம்!

பேக் எண்டுக்கு மாறுவது பற்றி: விருப்பம் இருந்தால் மாறுங்கள், விரட்டியதற்காக மாறாதீர்கள். அங்கே போனாலும் இதே 10:30 வேறு வேடத்தில் வந்து நிற்கும். அதைவிட, டேட்டாபேஸ் விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தாளில் உங்கள் பக்கத்தின் எல்லா நிலைகளையும் எழுதுங்கள்: காலி, காத்திருப்பு, பதிவானது, இடம் போய்விட்டது, பணம் தெரியவில்லை, இணையம் அறுந்தது. ஒவ்வொன்றுக்கும் சர்வர் என்ன அனுப்பும் என்று பேக் எண்ட் நண்பரிடம் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள். சில கட்டங்கள் காலியாகவே இருக்கும். மீட்டிங்குக்கு அந்தத் தாளை எடுத்துப் போனால் போதும்.

திங்கட்கிழமை முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி, உங்கள் பக்கத்தில் ஓர் அப்பாயின்ட்மென்ட் போட்டுப் பாருங்கள். சோதித்து முடித்ததும் மறக்காமல் இந்தியாவுக்கு மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், காலை 11 மணி மீட்டிங்குக்கு இன்னும் பத்து மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக் காபி குடிக்கப் போய்விட்டேன்.